சாமி ரேக்கில் என் பாட்டு

1992 மே 9, சனி

அய்யாவுவோடு இன்றும் சண்டை. அதே பிள்ளையார் பாட்டுச் சண்டைதான்.

பிரிக்பீல்ட்ஸில் கீழே கேசட் கடை, மேலே பதிவு செய்யும் அறை, அதற்கும் மேலே அவர் குடும்பம். மூன்று மாடியையும் வெகு காலமாக ஆண்டு வருகிறார் மனிதர். என் பாட்டுகளைக் கேசட்டாகப் போட ஒப்புக்கொண்டதே பெரிது என்று ஆபீஸில் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நான் எழுதியிருப்பது கிடாரும் டிரம்ஸும் வைத்த பாட்டு. வராத பஸ்ஸைப் பற்றி, ஓவர்டைம் பற்றி, சாவிக்கொத்தைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற பெண்ணைப் பற்றி. கேசட்டுக்கே ‘சாவிக்கொத்து’ என்றுதான் பெயர். இதற்கு முன்னால் பிள்ளையார் எதற்கு வர வேண்டும்?

"நான் இதுவரைக்கும் பிள்ளையார் பாட்டு இல்லாமே ஒரு கேசட்டும் போட்டதில்ல, தனம்மா."

"இது ராக், அண்ணே."

"ராக்குக்கும் விக்னம் வரும்லா."

வீட்டுக்கு வந்து இவரிடம் பொரிந்து தள்ளினேன். ஜெயராஜ் காப்பார் மின் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "ஒரு பிள்ளையார் பாட்டு பாடினா உன் கிடார் தேஞ்சா போயிடும்?" என்றார். எனக்கு மட்டும் தேநீர் போட்டுக் குடித்தேன். பிறகு பாவமாக இருந்தது, அவருக்கும் போட்டேன்.

மே 10, ஞாயிறு

பாத்திரம் கழுவும்போது தானாக ஒரு பிள்ளையார் பாட்டு வந்துவிட்டது. நன்றாகவே வந்துவிட்டது. எரிச்சலாக இருக்கிறது.

மே 24, ஞாயிறு

முதல் பதிவு. எனக்கு வாசிப்பவர்கள் காப்பார் சாலையிலிருந்து வருகிற நான்கு பையன்கள். ‘ஏழாம் மைல்’ என்று குழுவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டால், அங்கேதான் வீடு என்கிறார்கள். தலைவன் ரெங்கசாமிக்கு முடி இடுப்பு வரை. அவர்களுடைய முதல் கேசட்டும் அய்யாவுதான் போடுகிறார், என்னுடையது வெளிவரும் அதே நாளில். அதனால் ஒப்பந்தம்: அவர்கள் எனக்கு வாசிப்பார்கள், நான் அவர்களுடைய பாட்டில் பின்குரல் கொடுப்பேன்.

ஆன்டி, ஆன்டி என்று கூப்பிடுகிறார்கள். முதலில் முள் குத்தியது போலத்தான் இருந்தது. எழுபதுகளில் கோலாலம்பூர் ஹோட்டலில் வாரம் தவறாமல் பாடியபோது நான் ‘மிஸ் டானா’. தனலெட்சுமி என்று சொன்னால் மேனேஜருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அப்போது ஒரு சின்ன இசைத்தட்டும் வந்தது. பிறகு கல்யாணம், ஷா ஆலமில் அரசாங்க வேலை. யாரும் என்னைப் பாடாதே என்று சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை, அவ்வளவுதான்.

ரெங்கா கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டே, "எங்கப்பாகிட்ட உங்க ரெக்கார்டு இருக்கு, ஆன்டி. கடைசிப் பாட்டுல ஊசி மாட்டிக்கும். அந்த எடத்துல அப்பாவே வாயால பாடி முடிச்சுருவாரு" என்றான்.

நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். தேயத் தேயக் கேட்டிருக்கிறார்! முன்பின் தெரியாத ஒருவர்!

இந்தக் கேசட்டுக்கும் எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். என்னைத் தெரியாத யாரோ ஒருவர், எனக்காக இல்லாமல், பாட்டுக்காகக் கேட்க வேண்டும்.

ஒரு விஷயம் எழுத மறந்தேன். ரெங்கா பிள்ளையார் பாட்டு முடியவே முடியாது என்றானாம், அய்யாவு சரி என்றுவிட்டார். எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். "உங்க வயசுல வாங்கறவங்க எல்லாம் சாமி கும்பிடறவங்கம்மா" என்றார். என் வயசு! எவ்வளவு திமிர்!

பிள்ளையார் பாட்டைப் பாடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

‘ஓவர்டைம்’ பதிவு. கேசட்டில் இரண்டாவது பாட்டு. நான் "போதும்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும், அதன் மேலேயே டிரம்ஸ் விழ வேண்டும், ரெங்காவின் கிடார் கிளம்ப வேண்டும். முதல் முறை கத்தியதும் மேல்மாடியிலிருந்து அய்யாவுவின் மனைவி என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். கையில் துடைப்பம்.

போதும் முதலாளி போதும் என்று பையன்கள் எல்லாம் சேர்ந்து பாடினார்கள். மத்தியானம் கீழே வாழையிலைக் கடையில் சாப்பிட்டோம். ரெங்கா என் அப்பளத்தையும் எடுத்துக்கொண்டான். நாற்பத்து நாலு வயதில் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஜூன் 15, திங்கள்

தொண்டை போய்விட்டது. ஆபீஸில் நாள் முழுக்கக் கைஜாடை. மேலதிகாரிக்கு நிம்மதி.

ஜூலை 12, ஞாயிறு

வெளியீட்டு விழா நடந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் நிறைந்திருந்தது, கத்தரிப்பூ நிறச் சேலை கட்டினேன். குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். ஏழாம் மைல் பையன்கள் வாசித்தபோது முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு புன்னகைத்தார்கள். என்னுடைய முறை வந்தபோது மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது வரியில் ஒரு கையை எடுத்துவிட்டேன். பழைய டானா எங்கும் போய்விடவில்லை.

பிறகு முதல் கேசட்டை டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் பெற்றுக்கொண்டார். அதற்குப் பின் ஒவ்வொருவர் பெயராக அழைக்க அழைக்க, வரிசையாக மேடையேறி, பணம் வைத்த உறையைக் கொடுத்து, கேசட்டை வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். அண்ணன் வீடு, மாமா வீடு, ஆபீஸ் தோழிகள், இவருடைய மின் நிலையக் கூட்டாளிகள், யாரும் பாக்கியில்லை. மேசை காலியானது. அய்யாவு வாயெல்லாம் பல்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. காரில் வரும்போது மட்டும் ஒன்று தோன்றியது. எல்லோரும் கேமராவைப் பார்த்தார்களே, கேசட்டைத் திருப்பிப் பார்த்தது யார்?

ஜூலை 26, ஞாயிறு

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அண்ணன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், பீங்கான் யானைக்குப் பக்கத்தில் ‘சாவிக்கொத்து’. மேலே சுற்றிய பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. மாமா வீட்டில் தொலைக்காட்சியின் மேல். பிளாஸ்டிக்கோடு. ஆபீஸ் தோழி இராஜம்மா வீட்டில் சாமி அறையில் வைத்திருக்கிறாள், பொட்டு வைத்து! பிளாஸ்டிக்கின் மேலேயே பொட்டு!

"பத்திரமா வச்சிருக்கேன், தனம்" என்கிறாள். அவள்மேல் கோபப்பட முடியுமா? நாமும் அப்படித்தானே. எத்தனை பேர் வெளியீட்டுக்குப் போய் வாங்கி வந்து, பிரிக்காமல் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு மொய் எழுதுவது மாதிரி ஒரு மரியாதை. வாங்கினால் கடமை முடிந்தது. கேட்பது யார் கணக்கிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து இவரையாவது கேட்க வைக்கலாம் என்று போட்டேன். மூன்றாவது பாட்டில் குறட்டை. எழுப்பிக் கேட்டால், "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்கிறார். எந்தப் பாட்டு நல்லாருக்கு? "எல்லாந்தான்லா." மனுஷனா இவரு! கல்யாணமான நாளிலிருந்து என் எந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 1, சனி

பிரிக்பீல்ட்ஸ் போனேன். விழாவுக்குப் பிறகு கேசட் நகரவே இல்லை. மேல்மாடியில் பெட்டி பெட்டியாக நான்.

அய்யாவு கெட்டவர் இல்லை. நேராகப் பேசுகிறார். "தீபாவளி வரைக்கும் பாப்பேன், தனம்மா. அதுக்கு மேல வேற எதையாவது ஏத்திடுவேன். காலி கேசட்டும் காசுதானே?"

எப்படி ஏற்றுவார் என்று கேட்டேன். வேறு ஏதோ ஒரு பழைய கேசட்டை எடுத்து, சமையல் சொல்லித்தருவது போலக் காட்டினார். மேல்விளிம்பில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா, அதனால்தான் அதில் மறுபடி பதிய முடியாது. அந்த ஓட்டைகளின் மேல் செலோடேப் ஒட்டினால் போதும், பதியும். பழைய லேபிளைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டியதுதான்.

"பழைய பாட்டு?"

"மேலேயே புதுசு ஏறிடும். புதுசு சின்னதா இருந்தா கடைசியில பழசு கொஞ்சம் வால் மாதிரி நிக்கும். அதுவரைக்கும் யாரு கேக்கப் போறா?"

என்மேல் ஏறப்போவது ‘ஜாலி ஹிட்ஸ்’. அந்தக் கடையில் எப்போது போனாலும் அதுதான் ஓடுகிறது. பழைய சினிமாப் பாட்டுகளை உள்ளூர்க்காரர் ஒருவர் திரும்பப் பாடியது. கொஞ்சம் மூக்கால் பாடுவார். அட்டையில் அவர் பெயர்கூட இல்லை.

பஸ்ஸில் கிள்ளான் வரும்வரை அழக்கூடாது என்று இருந்தேன். கிள்ளானில் இறங்கியதும் வடை வாங்கித் தின்றேன். அழுகை வரவில்லை.

ஆகஸ்ட் 8, சனி

ஏழாம் மைல் பையன்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நீள முடியோடு வரக்கூடாது என்று இப்போது சட்டமாயிற்றே, ரெங்கா கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவன் மாதிரி இருந்தான். ஆனால் வாசித்தான் பாருங்கள்! பின்குரல் வருகிற இடத்தில் இவர் சட்டென்று நிமிர்ந்து, "இது உன் குரல்தானே?" என்றார். அதுவரை விழித்திருந்திருக்கிறார். அது போதும் எனக்கு.

போன் பண்ணி வாழ்த்துச் சொன்னேன். "கேசட் எப்படிடா போகுது?" "போகுது ஆன்டி. ஒருத்தன் வாங்கறான், பத்துப் பேரு அவன்கிட்டேருந்து காப்பி அடிக்கிறான்." நல்லது, கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 15, சனி

ரத்தம் கொதிக்கிறது. எழுதினால் அடங்கும் என்று எழுதுகிறேன்.

கிள்ளானில் பூ வாங்கப் போனவள், பக்கத்துக் கேசட் கடையில் எட்டிப் பார்த்தேன். புதுப் பாட்டு வரிசையில் நான் இல்லை. ஏழாம் மைல் இருக்கிறது. சரி, என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பினால், சாமிப் பாட்டு ரேக்கில், முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில், நான்! அட்டையே வேறு. விழாவில் விளக்கு ஏற்றும்போது எடுத்த படம், கண் மூடி, பயபக்தியாக. ‘சாவிக்கொத்து’ என்று ஓரத்தில் பொடியாக இருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில், ‘விநாயகர் பாடல் அடங்கியது’.

கடையிலிருந்தே போன் பண்ணினேன். என்னண்ணே இது, நான் என்ன பஜனையா பாடினேன், ஒரு வார்த்த சொல்ல வேணாமா, என் மூஞ்சிய வச்சுக்கிட்டு! அய்யாவு பொறுமையாகக் கேட்டார்.

"சதுர்த்தி வருதுல்ல, தனம்மா. இப்ப சாமி ரேக்குதான் ஓடும். அட்டையில பொய் ஒண்ணும் இல்லையே? பிள்ளையார் பாட்டு இருக்கு, அடங்கியதுன்னு போட்டேன்."

பொய் இல்லைதான். அதுதான் இன்னும் எரிகிறது.

இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மன் பக்கத்துல எடம் கெடைச்சிருக்கு, சும்மா இரு" என்கிறார். இன்று இரவு கறியில் உப்பு இல்லை. வேண்டுமென்றுதான்.

ஆகஸ்ட் 31, திங்கள்

மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை. சதுர்த்தியும் இன்றே. நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காப்பார் சாலைப் பிள்ளையார் கோயிலில் ஒவ்வொரு சதுர்த்திக்கும் இவருடைய மின் நிலையக் கூட்டாளிகள்தான் அன்னதானம் செய்கிறார்கள். வழக்கம்போலப் போனோம். பூஜை முடிந்து, பந்தியில் உட்கார்ந்து, இலையில் சாம்பார் விழுகிற நேரம். மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஒரு பிள்ளையார் பாட்டு தொடங்கியது. நல்ல குரலாக இருக்கிறதே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது வரியில்தான் உறைத்தது. நான்!

பக்கத்தில் ஒரு பாட்டியம்மா கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாமி ரேக்கு, அய்யாவு எல்லாம் மன்னிக்கத் தயாரானேன். அப்புறம்தான் அடுத்த பாட்டு என்னவென்று ஞாபகம் வந்தது.

எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். கேசட் ஓடுவது கோயில் ஆபீஸ் அறையில், கண்ணாடி ஜன்னல் வழியே தெரிகிறது. கதவு பூட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் சாம்பார் வாளியோடு கடைசிப் பந்தியில் நிற்கிறார். "அண்ணே, அந்தப் பாட்ட நிறுத்துங்க!" என்று கூப்பிட்டேன். "நல்ல பாட்டுத்தானேம்மா, ஓடட்டும்" என்று வாளியை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளையார் பாட்டு முடிந்தது. ஒரு மூச்சு அமைதி.

"போதும்!"

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் ரசத்தைக் கீழே வைத்தே விட்டார், யாருக்கோ போதுமாம் என்று. அதற்குள் டிரம்ஸ் விழுந்து, ரெங்காவின் கிடார் மரத்திலிருந்த காக்கைகளையெல்லாம் கிளப்பிவிட்டது. மரத்தடியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, ஐயோ, எப்படிச் சொல்வது, வெட்கத்துக்கு நடுவிலும் ஒன்று தெரிந்தது. நல்ல பாட்டு. அறைக்குள் கேட்டதைவிட நூறு மடங்கு நல்ல பாட்டு.

கோயில் தலைவர் பக்கிரிசாமி ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "யாரும்மா இது? கோயில்ல வந்து போதும் போதும்னு கத்தறது?"

நான் வாயைத் திறக்குமுன் பந்தியிலிருந்து ஜெயராஜ், வாய் நிறையச் சோற்றோடு, கையை நீட்டி என்னைக் காட்டினார். "என் வைஃப்தான்." மாட்டிவிடுகிற மாதிரி இல்லை. பரிசு வாங்கின பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.

"ஐயா, நான் கோயிலுக்குன்னு பாடல. கடையில சாமி ரேக்குல வச்சிட்டாங்க" என்றேன்.

"அட்டையில விளக்கேத்திட்டு நிக்கிறீங்களேம்மா!"

நிற்கிறேன்தான்.

சாவி வந்து கதவு திறப்பதற்குள் பாட்டு பாதிக்கு மேல் ஓடிவிட்டது. அந்தப் பக்கம் குழாயடியில் அண்டா கழுவிக்கொண்டிருந்த பெண்கள் பல்லவி இரண்டாம் முறை வந்தபோது கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி கரண்டியால் அண்டாவில் தாளம் போட்டாள். பாட்டு நின்றதும் அவர்கள் பக்கமிருந்து ஒரு "அடடா" வந்தது. பக்கிரிசாமி ஐயா அவர்களை முறைத்தார். அவர்கள் அண்டாவைத் தேய்த்தார்கள்.

போய் மறுபடி இலையில் உட்கார்ந்தேன். பாயசம் தீர்ந்துவிட்டது. இவர் தன்னுடையதைப் பாதி மிச்சம் வைத்திருந்தார்.

செப்டம்பர் 1, செவ்வாய்

யாராவது முன்பின் தெரியாதவர் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஊரே கேட்டுவிட்டது. இப்படியா?

செப்டம்பர் 5, சனி

அய்யாவு போன் பண்ணினார். கோயில் தலைவர் அவரைப் பிடி பிடியென்று பிடித்திருக்கிறார். மற்ற கடைக்காரர்களுக்கும் விஷயம் போய், சாமி ரேக்கிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். புதுப் பாட்டு ரேக்கில் வைக்க அட்டை சரியில்லை. எல்லாம் பெட்டியில் திரும்பி வந்துவிட்டன.

"தப்பு என்மேலயும் இருக்கு" என்றார். "ஆனா தீபாவளி தீபாவளிதான், தனம்மா."

சரி என்றேன். சரி என்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? பாடினேன், சந்தோஷமாக இருந்தேன், முடிந்தது. வருத்தமில்லை என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. வருத்தம்தான். ஜாலி ஹிட்ஸுக்கு அடியில் நான் கிடக்கப் போகிறேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

கிள்ளான் பாசாரில் கீரை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ, "போதும் அக்கா!"

போதும் என்று எதைச் சொல்கிறாள் என்று கீரைக்கட்டைக் கீழே வைத்தேன். திரும்பினால் அண்டாவில் தாளம் போட்டவள். பேர் வீரம்மா. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு மூச்சு விடாத பேச்சு.

"அன்னிக்கே தலைவரு அந்தக் கேசட்ட குப்பையில போடப் பாத்தாரு. நான்தான் குடுங்க அங்கிள்னு வாங்கிட்டு வந்தேன். ஃபேக்டரி பஸ்ஸுல போட்டோம்க்கா. டிரைவரு மலாய்க்காரரு, அவருக்கே இப்ப பாடம். காலையில ஏறும்போது ‘சாவிக்கொத்து’, வேலை முடிஞ்சு வரும்போது ‘ஓவர்டைம்’. சூப்பர்வைசரு காதுல விழற மாதிரி ஃபேக்டரி கேட் பக்கத்துல ஜன்னல எறக்கி விட்டுப் பாடுவோம்லா!"

‘சாவிக்கொத்து’ அவளுக்கு ஏன் பிடித்தது என்று கேட்டேன். "வீட்ட விட்டு வெளிய போகப் பாக்கற பொம்பளைக்குத்தான் சாவி காணாமப் போகும்க்கா. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவரிடம்கூட.

கேசட்டு இப்போது தேய்ந்து ஆடுகிறதாம், காப்பி எடுத்தவர்களுக்கும் சரியாக இல்லையாம். எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். பிரிக்பீல்ட்ஸ் கடையைச் சொன்னேன். கீரை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 3, சனி

அய்யாவு போன். பின்னால் ஒரே பெண்கள் கூச்சல்.

"தனம்மா, ஒரு பஸ்ஸே வந்து நிக்குது. தீபாவளித் துணி எடுக்க வந்தாங்களாம். எல்லாருக்கும் உங்க கேசட்டு வேணுமாம்."

"குடுங்களேன். பெட்டி பெட்டியா இருக்கே!"

"குடுத்தாச்சு. அடுத்த வாரம் வேற ஃபேக்டரி பஸ்ஸு வருதாம்."

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. சத்தமாகவே சிரித்தேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

பெட்டி காலி. தீபாவளி நெருக்கத்தில் வெறும் கேசட்டு எங்கும் கிடைக்கவில்லையாம், எல்லாக் கம்பெனிக்காரர்களும் வாங்கிக் குவித்துவிட்டார்கள். அய்யாவு தயங்கித் தயங்கி, "வெளியீட்டுக்கு வந்தவங்ககிட்ட இருக்கறத... திறக்காம வச்சிருப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார்.

இதைவிட ஒரு வேலை உண்டா? போனேன். காரை எடுத்துக்கொண்டு இவரும் வந்தார். அண்ணன் யானைக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார், கொஞ்சம் அசடு வழிந்தார். மாமா கொடுத்தார். இராஜம்மா மட்டும் முடியாது என்றுவிட்டாள்.

"அதெப்படி? ஊரெல்லாம் கேக்குதுன்னா நானும் கேக்க வேணாமா?"

என் கண் முன்னாலேயே பொட்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கைக் கிழித்தாள்.

அக்டோபர் 17, சனி

ரெங்கா வந்தான். முடி மறுபடி வளர்கிறது. ஏழாம் மைல் அடுத்த கேசட்டுக்கு ஏற்பாடு செய்கிறார்களாம். ஏதோ கேட்க வந்தவன் மாதிரி முறுக்கு மாவைக் கிள்ளிக்கொண்டே நின்றான்.

"ஆன்டி, எங்களுக்கும் ஒரு பிள்ளையார் பாட்டு எழுதித் தர முடியுமா?"

மாவுக் கையாலேயே அவன் தலையில் ஒன்று வைத்தேன். எழுதித் தருகிறேன் என்றேன்.

அக்டோபர் 24, சனி

விடிந்தால் தீபாவளி.

அய்யாவு பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருகிற யாரிடமோ ஒரு பெட்டி லட்டும், புதிதாகப் போட்டதிலிருந்து ஒரு கேசட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார். அட்டையில் இப்போது நான் விளக்கு ஏற்றவில்லை. விழாவில் மைக்கைப் பிடித்து, வாயைத் திறந்து, கத்தரிப்பூச் சேலையில் கத்திக்கொண்டிருக்கிறேன். ‘சாவிக்கொத்து’ கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே பொடியாக, ‘விநாயகர் பாடல் அடங்கியது’. அதை மட்டும் அவர் விடமாட்டார்.

மத்தியானம் சமையலறையில் ரேடியோப் பெட்டியில் போட்டேன். நான் முறுக்குப் பிழிய, இவர் எண்ணெயிலிருந்து அரித்து எடுத்தார். ‘ஓவர்டைம்’ வந்தபோது அரிகரண்டியை ஆட்டினார். மூன்றாவது பாட்டில் திரும்பிப் பார்த்தேன், விழித்திருந்தார். ‘சாவிக்கொத்து’ முடிந்ததும் அரிகரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு சாவியத் தேடறாளா, இல்ல தேடற மாதிரி நடிக்கறாளா?" என்று கேட்டார். முறுக்கு ஒன்று கருகிப்போனது. முதலில் எல்லாப் பாட்டும் முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

கடைசிப் பாட்டும் முடிந்தது. கேசட்டை நிறுத்த எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அதற்குள் உஸ்ஸென்ற சத்தத்துக்குப் பின்னால், ஒரு வரியின் நடுவிலிருந்து வேறொரு குரல் பாட ஆரம்பித்தது. ஆண் குரல். கொஞ்சம் மூக்கால்.

மூடியைத் திறக்காமல், கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். கேசட்டின் விளிம்பில் செலோடேப் மினுமினுத்தது.

"இது யாரு பாட்டு?" என்றார் இவர்.

ஜாலி ஹிட்ஸ், பாடினவர் பெயர் தெரியாது என்றேன். நிறுத்தப் போன கையை எடுத்துக்கொண்டேன். பாவம், நன்றாகத்தான் பாடுகிறார். அடுப்பைத் தணித்துவிட்டு, முடிகிறவரை நின்று கேட்டேன்.